கிராண்ட் நேஷனல் மட்டும் போதாது: வேலி தாண்டும் குதிரைகளை ஒரு வசந்தம் முழுக்கப் பின்தொடர்வது எப்படி?

கலை_லெஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு பவுண்டு போட்டு, குதிரைப் பெயர் எழுதிய சீட்டைக் குலுக்கி எடுப்போம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு கிராண்ட் நேஷனல், பிரிட்டனின் மிகப் பிரபலமான வேலி தாண்டும் குதிரைப் பந்தயம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். என் சீட்டில் வந்த குதிரையைத் தவிர வேறெதுவும் மனசில் நிற்பதில்லை.

2025-ல் நிக் ராக்கெட் ஜெயித்தபோது பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ் பேச்சே வராமல் அழுதார். ஓட்டி வந்தவர் அவருடைய மகன் பேட்ரிக், அதுவும் தொழில்முறை ஜாக்கி கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாதே என்று வருத்தமாக இருந்தது. இந்த முறை சீசனைப் பாதியிலிருந்தாவது சரியாகப் பின்தொடர ஆசை. பணம் கட்டும் எண்ணம் இல்லை, குதிரைகளைத் தெரிந்துகொண்டால் போதும். எங்கே ஆரம்பிக்கலாம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். குதிரைகள் விழும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பல வருஷமாகப் பார்க்கிறவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

மீத்_முத்து

கலை, நான் அயர்லாந்தில் மீத் மாவட்டத்தில் இருக்கிறேன். இங்கே குதிரை என்பது டீக்கடைப் பேச்சு. உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன். இரண்டாவதுக்கு நேரம் எடுத்து எழுத வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் பிப்ரவரி ஆரம்பத்தில் டப்ளின் லெப்பர்ஸ்டவுன். அந்த ஒரு வார இறுதியில் அயர்லாந்தின் முதல்தரக் குதிரைகள் நேருக்கு நேர் மோதும். மார்ச் நடுவில் செல்டன்ஹாம், நாலு நாள், 28 பந்தயம். ஏப்ரலில் லிவர்பூல் ஏன்ட்ரீ, மூன்று நாள், அங்கேதான் உங்கள் கிராண்ட் நேஷனல். ஈஸ்டர் திங்களன்று எங்கள் பக்கம் ஃபேரிஹவுஸில் ஐரிஷ் கிராண்ட் நேஷனல். ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்துக்கு சாண்டவுன், அயர்லாந்துக்கு பஞ்ச்ஸ்டவுன், அத்தோடு பெரிய ஆட்டங்கள் ஓய்ந்துவிடும். இந்த மூன்று மாதமும் அதே குதிரைகள்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கும். போன தடவை தோற்றது இந்தத் தடவை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்தான் ருசி.

2025 வசந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டிடியூஷன் ஹில் அதுவரை தோல்வியே அறியாத குதிரை, 2023 சாம்பியன் ஹர்டில் (ஹர்டில் என்றால் தாழ்வான தடுப்பு) வென்றது. ஸ்டேட் மேன் 2024-ல் அதே பந்தயத்தை வென்றது. செல்டன்ஹாம் முதல் நாளில் இரண்டும் மோதின. பாதி வழியில் கான்ஸ்டிடியூஷன் ஹில் விழுந்தது. ஸ்டேட் மேன் தனியாக முன்னால் வந்துகொண்டிருந்தது, கடைசி ஹர்டிலில் அதுவும் விழுந்தது. பின்னால் வந்த கோல்டன் ஏஸ் என்ற பெட்டைக்குதிரை 25-க்கு 1 விலையில், அதாவது பெரிதாக யாரும் நம்பாத நிலையில், ஜெயித்தது. பெட்டைகளுக்கென்றே தனியாக உள்ள பந்தயத்தில் ஓட்டலாம் என்பது பயிற்சியாளரின் யோசனையாக இருந்தது. இல்லை, பெரிய பந்தயத்திலேயே விடுவோம் என்று நின்றவர் உரிமையாளர்.

செல்டன்ஹாம் மட்டும் பார்த்தவருக்கு இது ஒரு நாள் அதிசயம், அவ்வளவுதான். தொடர்ந்து பார்த்தவருக்கு மீதியும் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து ஏன்ட்ரீயில் கான்ஸ்டிடியூஷன் ஹில் மறுபடி விழுந்தது. பஞ்ச்ஸ்டவுனில் மூன்றும் ஒன்றாக ஓடின. ஸ்டேட் மேன் ஜெயித்தது, கான்ஸ்டிடியூஷன் ஹில் இந்த முறை விழாமல் ஓடியும் வெகுவாகப் பின்தங்கியது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தக் குதிரைக்கு விழுந்த வலியோடு நம்பிக்கையும் போயிருந்தது.

நீங்கள் கேட்ட நிக் ராக்கெட்டும் அப்படித்தான். ஜனவரியில் கௌரன் பார்க்கில் தைஸ்டிஸ் சேஸ் (சேஸ் என்றால் பெரிய வேலிகளைத் தாண்டும் பந்தயம்), பிப்ரவரியில் ஃபேரிஹவுஸில் பாபிஜோ சேஸ் என்று இரண்டையும் வென்றுவிட்டுத்தான் ஏன்ட்ரீக்கு வந்தது. அப்படியும் விலை 33-க்கு 1. உரிமையாளரின் மனைவி ஆசைப்பட்டு வாங்கிய குதிரை அது. அதன் முதல் ஓட்டத்தைப் பார்த்த சில நாட்களில் அந்த அம்மா புற்றுநோயால் காலமானார். மல்லின்ஸின் கண்ணீரில் மகனோடு இதுவும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கிண்டி_ரசிகன்

முத்து அண்ணா, அருமை. நான் சென்னையில் கிண்டி பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் ரேஸ் என்றாலே குடும்பத்தைக் கெடுக்கும் சூது என்றுதான் பேச்சு. 1974-ல் தமிழ்நாட்டில் தடைச் சட்டமே வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இது திறமையைப் பொறுத்த விளையாட்டு என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. அதனால் பணம் கட்டாமல் குதிரைக்காகவே பார்க்கிறேன் என்று கலை அக்கா எழுதியதைப் படித்ததும் சந்தோஷம்.

நம் ஊர்ச் சமதரை ஓட்டத்திலிருந்து ஜம்ப் ரேஸ் பக்கம் என்னை இழுத்தது குதிரைகளின் ஆயுள்தான். சமதரையில் ஒரு குதிரை மூன்று வயதில் டெர்பி ஜெயித்தால் பெரும்பாலும் அடுத்த வருஷமே இனப்பெருக்கத்துக்குப் போய்விடும். நாம் நேசிக்க ஆரம்பிப்பதற்குள் காணாமல் போய்விடும். வேலி தாண்டும் குதிரைகளில் பெரும்பாலானவை காயடித்தவை. இனப்பெருக்கத்துக்கு அனுப்ப வழியில்லை, ஓட்டம்தான் அவற்றின் வாழ்க்கை. நாலு ஐந்து வயதில் ஹர்டிலில் ஆரம்பித்து, பிறகு பெரிய வேலிக்கு மாறி, எட்டு ஒன்பது வயதில் உச்சத்துக்கு வந்து, பன்னிரண்டு வயது வரைகூட ஓடும். டைகர் ரோல் 2014-ல் செல்டன்ஹாமில் இளங்குதிரைகளுக்கான ஹர்டில் ஜெயித்தது, 2018, 2019 இரண்டு வருஷமும் கிராண்ட் நேஷனல், 2021-ல் மறுபடி செல்டன்ஹாமில் கிராஸ் கன்ட்ரி. உருவத்தில் சின்னக் குதிரை. ஏழு வருஷம் ஒரே பெயரைப் பின்தொடர்வது சமதரைக்காரனுக்குக் கனவு.

ஒரு சந்தேகம். கிராண்ட் நேஷனலில் எடையை எப்படிப் போடுகிறார்கள்? செல்டன்ஹாமில் ஜெயித்த குதிரைக்கு ஏன்ட்ரீயில் கூடுதல் எடை ஏறுமா?

மீத்_முத்து

தம்பி, ஏறாது. சீசனின் சூடே அதில்தான் இருக்கிறது.

கிராண்ட் நேஷனல் ஹேண்டிகேப் பந்தயம். நல்ல குதிரை அதிக எடை தூக்க வேண்டும், ஜாக்கியும் சேணமும் சேர்த்து அதிகபட்சம் 11 ஸ்டோன் 12 பவுண்டு, ஏறக்குறைய 75 கிலோ. அந்த எடைகளைப் பிப்ரவரியிலேயே அறிவித்துவிடுவார்கள். பிறகு மார்ச்சில் ஒரு குதிரை திடீரென்று முன்னேறினாலும் எடை மாறாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் ரசிகர்களின் வேட்டை. 2025-ல் இன்னோதவேயர்திங்கின் என்ற குதிரைமேல் நேஷனலுக்காகத்தான் எல்லார் கண்ணும். உரிமையாளர் ஜே.பி. மக்மேனஸ் கடைசி நேரத்தில் தனிக் கட்டணம் கட்டி அதை செல்டன்ஹாமின் முதன்மைப் பந்தயமான கோல்ட் கப்பில் சேர்த்தார். 2023, 2024 இரண்டு வருஷமும் கோல்ட் கப் வென்றிருந்த கேலபான் டே ஷாம்ப்பை அது தோற்கடித்தது. நேஷனலில் பழைய எடை, கோல்ட் கப் சாம்பியனின் கால்! எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, களைத்திருக்கும் குதிரையை ஓட்ட வேண்டாம் என்று விலக்கிக்கொண்டார்கள். அந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன்.

எடை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் 1973 நேஷனல் ஓட்டத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். கிரிஸ்ப் என்ற ஆஸ்திரேலியக் குதிரை 12 ஸ்டோன் சுமந்தது. ரெட் ரம் அதைவிட 23 பவுண்டு குறைவு. கிரிஸ்ப் ஆரம்பத்திலேயே முன்னால் போய், வேலிகளைப் பறவையாகத் தாண்டி, மற்ற குதிரைகளைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விட்டுவிட்டது. கடைசி வேலிக்குப் பிறகு உள்ள நீண்ட ஓட்டத்தில் கால் தள்ளாடியது. முடிவுக் கம்பத்துக்குச் சில அடி முன்னால் ரெட் ரம் பிடித்துவிட்டது. முக்கால் உடல் நீளம்தான் வித்தியாசம். இரண்டுமே பழைய சாதனை நேரத்தை உடைத்தன. ரெட் ரம் 1974, 1977-லும் ஜெயித்தது, இடையில் இரண்டு வருஷம் இரண்டாவது. கால் எலும்பில் நோய் இருந்த குதிரை, சவுத்போர்ட் கடற்கரை மணலில் ஓடியே தேறியது. ஏன்ட்ரீயில் முடிவுக் கம்பத்துக்கு அருகிலேயே அதைப் புதைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த 1973 ஓட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனசு கிரிஸ்ப் பக்கம்தான்.

வாகீசன்_சரே

நான் யாழ்ப்பாணம், இப்ப சரேயில இருக்கிறன். சின்ன வயசில அப்பா சித்திரை மாதம் நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பாக்கக் கூட்டிக்கொண்டு போனவர். அது சமதரை ஓட்டம். வேலி தாண்டுறதை இங்க வந்துதான் முதன்முதலாகப் பாத்தனான்.

கலை, டிவியில பாக்கிறது நல்லதுதான், ஆனா ஒருக்கா நேர போய்ப் பாருங்கோ. லண்டன் பக்கம் இருக்கிறவைக்கு சாண்டவுன் நல்ல இடம். வாட்டர்லூவில ரயில் ஏறினா ஈஷர், அங்கயிருந்து நடக்கிற தூரம். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை அங்கதான் சீசனின்ர சம்பியன் ஜாக்கிக்கும் சம்பியன் பயிற்சியாளருக்கும் கிண்ணம் குடுக்கிறது. 2024-ல மல்லின்ஸ் வாங்கினவர். அதுக்கு முதல் ஒரு அயர்லாந்துக்காரர் அந்தப் பட்டத்தை எடுத்தது 1954-ல, வின்சென்ட் ஓ'பிரையன். 2025-ல டான் ஸ்கெல்டன் சீசன் முழுக்க முன்னுக்கு நிண்டவர். கடைசி நாள் சாண்டவுனில வைச்சு மல்லின்ஸ் அதைப் பறிச்சுக்கொண்டார். அண்டைக்கு ஒவ்வொரு பந்தயத்துக்கும் சனம் பரிசுப் பணத்தைக் கூட்டிக் கழிச்சுக்கொண்டு நிண்டது.

போனா முதல் பந்தயத்துக்கு முன்னமே போங்கோ. ஓடுறதுக்கு முதல் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவினம். அங்க நிண்டு பாருங்கோ. கழுத்தில வேர்வை நுரை கட்டியிருக்கா, தலையை ஆட்டி ஆட்டிப் பதட்டப்படுதா, இல்லாட்டி காதை முன்னுக்கு நீட்டி அமைதியா நடக்குதா. எந்தப் புத்தகத்திலயும் இது எழுதியிருக்காது.

தேன்மொழி_கார்க்

நான் கார்க்கில் இருக்கிறேன். கலை ஜாக்கிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மைக்கேல் ஓ'சுலிவன் எங்கள் மாவட்டத்துப் பையன். 2023 செல்டன்ஹாமின் முதல் பந்தயத்தை மரீன் நேஷனல் என்ற குதிரையில் ஜெயித்தவர். 2025 பிப்ரவரியில் தர்ல்ஸ் பந்தயத்தில் விழுந்து, பத்து நாள் கழித்து இறந்துபோனார். வயது 24. அடுத்த மாதமே அதே மரீன் நேஷனல் செல்டன்ஹாமில் சாம்பியன் சேஸ் ஓடியது, ஷான் ஃபிளானகன் ஓட்டினார். வெகுதூரம் முன்னால் வந்து ஜெயித்தது. அன்று அங்கே யாரும் பந்தயப் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. விழுவதைப் பற்றிப் பேசும்போது குதிரையின் மேல் இருப்பவர்களையும் சேர்த்துப் பேசுவோம்.

ரேச்சல் பிளாக்மோரையும் படியுங்கள். 2021-ல் மினெல்லா டைம்ஸில் கிராண்ட் நேஷனல் ஜெயித்த முதல் பெண். அடுத்த வருஷம் ஏ ப்ளூ டார் என்ற குதிரையில் கோல்ட் கப் ஜெயித்த முதல் பெண்ணும் அவர்தான். 2025 மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். என் மகள் அவரைப் பார்த்துத்தான் குதிரையேற்றம் பழகப் போகிறாள்.

பசுமை_நிலா

உங்கள் எல்லாருடைய அன்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் கலை கேட்ட இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

2012 நேஷனலில் இரண்டு குதிரைகள் செத்தன. அதில் சிங்க்ரோனைஸ்டு அந்த வருஷத்துக் கோல்ட் கப் சாம்பியன். 2023-ல் முதல் வேலியிலேயே ஹில் சிக்ஸ்டீன் செத்தது. 2025-ல் செலிபிரே டாலன் என்ற 13 வயதுக் குதிரை, வெகுநேரம் முன்னணியில் ஓடிவிட்டு, கடைசியில் சரிந்து விழுந்து சில நாளில் செத்தது. ஜம்ப் பந்தயங்களில் ஆயிரம் ஓட்டத்துக்கு ஏறக்குறைய நாலு உயிர் போகிறது. தேன்மொழி சொன்ன அந்த ஜாக்கிக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் அவர் தெரிந்து தேர்ந்தெடுத்த தொழில் அது. குதிரையிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு குதிரையை ஏழு வருஷம் நேசிக்கிறோம் என்கிறீர்கள். அப்படி நேசிப்பவர் அதை ஏன்ட்ரீயின் 30 வேலிகளுக்கு அனுப்ப எப்படி மனசு வருகிறது? சண்டைக்குக் கேட்கவில்லை, பதில் தெரிய வேண்டும்.

மீத்_முத்து

நிலா, நீங்கள் சொன்ன சம்பவங்கள் எல்லாம் நடந்தவை. ஒன்றையும் மறுக்க மாட்டேன். கலைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டில் ஆபத்தை முழுக்க எடுக்க முடியாது. குறைக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய நேஷனல் வேலிகளின் உள்ளே கெட்டி மரக்கட்டை இருந்தது. 2013 முதல் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். பீச்சர்ஸ் புரூக் என்ற பெயர்பெற்ற வேலியில் குதிரை இறங்கும் பக்கம் தாண்டும் பக்கத்தைவிடத் தாழ்வு. அந்தப் பள்ளத்தைப் படிப்படியாக நிரப்பிக் குறைத்திருக்கிறார்கள். வேலியின் அடிக்கட்டைக்கு முன்பு ஆரஞ்சு நிறம் அடிப்பார்கள். குதிரைக் கண்ணுக்கு ஆரஞ்சு பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது என்று எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதும் பிரிட்டனில் எல்லா மைதானங்களிலும் வெள்ளைக்கு மாற்றினார்கள். சாட்டையை ஜம்ப் ரேஸில் ஏழு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. எல்லை மீறி நாலு தடவை அதிகமானால் ஜெயித்த குதிரையே தகுதி இழக்கும். 2024-ல் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34-ஆகக் குறைத்தார்கள். முதல் வேலியைத் தொடக்கத்துக்குப் பக்கமாக நகர்த்தினார்கள், வேகம் எடுப்பதற்கு முன்பே தாண்டிவிடும் என்பதற்காக. அந்த வருஷம் சில ஜாக்கிகள் சரிந்தார்களே தவிர ஒரு குதிரைகூட விழவில்லை.

அடுத்த வருஷமே செலிபிரே டாலன். ஆகவே இவ்வளவு செய்தாயிற்று, இனி பேசாதே என்று நான் சொல்லப் போவதில்லை. களைத்த குதிரையை நிறுத்தாமல் ஓட்டியதற்காக அதன் ஜாக்கிக்குத் தடை விதித்தார்கள். தேவையான தண்டனை அது. கலை, நீங்கள் பந்தயம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் வரும் ஜாக்கி, குதிரையிடம் தெம்பு இல்லை என்று கண்டதும் கடிவாளத்தை இழுத்து ஓரமாக நடத்திக் கூட்டி வந்துவிடுவார். முடிவுப் பட்டியலில் அதற்கு மதிப்பெண் கிடையாது. நான் அந்த ஜாக்கிகளின் பெயரைத்தான் மனசில் குறித்துக்கொள்வேன்.

நான் ஏன் இன்னும் பார்க்கிறேன்? எங்கள் பக்கத்து லாயங்களில் இந்தக் குதிரைகள் வளர்வதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு குதிரைக்கு ஒரு பையனோ பெண்ணோ விடியற்காலையிலிருந்து கூடவே இருப்பார்கள். தீனி குறைந்தால் அவர்களுக்கும் சாப்பாடு இறங்காது. விளையாட்டு நின்றுபோனால் இந்த இனக் குதிரையை வளர்க்க யாரும் இருக்க மாட்டார்கள். இது உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இல்லை என்று தெரியும். என்னிடம் இருப்பது இதுதான்.

பசுமை_நிலா

நேர்மையாக எழுதியதற்கு நன்றி அண்ணா. வளர்க்க ஆள் இருக்காது என்ற வாதம் எனக்கு ஏற்புடையது அல்ல. ஆனால் அந்த விலகி வரும் ஜாக்கிகளைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்படி விலக்குவதைக் கட்டாயமாக்கும் விதியை ரசிகர்களே கேட்டால் நானும் கூட நிற்பேன்.

செந்தில்_மேரிலாந்து

அமெரிக்காவிலும் வசந்த ஜம்ப் சீசன் உண்டு என்று பலருக்குத் தெரியாது. மேரிலாந்து ஹன்ட் கப், 1894-லிருந்து, ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. நாலு மைல், 22 வேலி. வேலி என்றால் பிரிட்டனில் போல உரசிக்கொண்டு போகும் புதர் இல்லை, முழு மரக்கட்டைகள். குதிரை சுத்தமாகத் தாண்டியே ஆக வேண்டும். அதனால் வேகம் குறைவு, தாண்டலில் நிதானம் அதிகம். ஜனங்கள் புல்மேட்டில் நின்று மொத்தப் பந்தயத்தையும் பார்ப்பார்கள். இங்கே ஜெயித்த ஜே டிரம்ப் 1965-லும், பென் நெவிஸ் 1980-லும் லிவர்பூல் போய் கிராண்ட் நேஷனலையே வென்றன. மே முதல் சனிக்கிழமை வர்ஜீனியா கோல்ட் கப். அங்கே பாதிக் கூட்டம் தொப்பிக்கும் சாப்பாட்டுக்கும் வருகிறது. எனக்கு மேரிலாந்துதான்.

கலை_லெஸ்டர்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி, நிலாவுக்கும் சேர்த்து. லெப்பர்ஸ்டவுன் ஓட்டங்களை மறு ஒளிபரப்பில் பார்த்துக் குறிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஏன்ட்ரீக்கு நேரில் போக விருப்பம். சனிக்கிழமைக் கூட்டம் பயமாக இருக்கிறது. வேறு நாள் போகலாமா? "குட் டு சாஃப்ட்" என்று தரையைப் பற்றி எழுதுகிறார்களே, அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

மீத்_முத்து

வியாழக்கிழமை போங்கள். அன்றைக்கு ஃபாக்ஸ்ஹன்டர்ஸ் பந்தயம் அதே நேஷனல் வேலிகளில் நடக்கும், ஓட்டுபவர்கள் எல்லாரும் தொழில்முறை அல்லாதவர்கள். வெள்ளிக்கிழமை டோபம் சேஸும் அந்த வேலிகளில்தான், ஆனால் அன்று கூட்டம் கூடுதல். லிவர்பூல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஏன்ட்ரீ நிலையத்துக்கு எதிரிலேயே மைதானம்.

தரையை மிகப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன் தரையைப் பாருங்கள் என்றே சொல்வேன். சாஃப்ட், ஹெவி என்றால் ஈரம் அதிகம், கால் புதையும், வலிமையும் மூச்சும் உள்ள குதிரைக்குச் சாதகம். குட் என்றால் வேகமான குதிரைக்கு. செல்டன்ஹாமில் இன்னொரு நுணுக்கம் உண்டு. செவ்வாய், புதன் பழைய தடம், வியாழன், வெள்ளி புதிய தடம். பழையதில் திருப்பங்கள் நெருக்கம், வேகம் உதவும். புதியதில் கடைசி இரண்டு ஹர்டிலுக்கு இடையே நீண்ட இடைவெளி, அதன் பிறகு மேடு. கோல்ட் கப்பில் மூன்றேகால் மைல் ஓடிவிட்டு அந்த மேட்டில் ஏறும்போதுதான் பெரிய பெயர்கள் கரையும். ஆகவே உங்கள் குறிப்பில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில் தரை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதிவையுங்கள். திங்கட்கிழமை தரை அறிக்கை வந்ததும் இங்கே ஒட்டுகிறேன், அதை வைத்து சாம்பியன் ஹர்டிலைப் பேசலாம்.